மாமாவோடு கட்டட வேலைக்குப் போகும் தம்பிக்கு ஹெல்மெட்டும் பெல்ட்டும் போதுமா?

உங்கள் தம்பிக்கு 18 வயது நிறைந்து இரண்டு மாதம் ஆகிறது. பிளஸ் டூவில் இரண்டு பாடங்கள் நின்றுவிட்டன. சென்னைப் புறநகரில் மேஸ்திரியாக இருக்கும் தாய்மாமாவோடு கட்டட வேலைக்குப் போகிறேன் என்கிறான். அம்மாவுக்குப் பயம். மாமாவோ, "கூட இருந்து பார்த்துப் பழகிக்கொள்வான், ஒரு ஹெல்மெட்டும் பெல்ட்டும் வாங்கிக் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அனுப்பலாமா, ஐடிஐயில் சேர்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டட வேலை ஆபத்தானது என்பது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தே இருக்கிறது. வேலை தெரியாத ஒரு பையன், வேலையைக் கற்றுக்கொள்ளும் காலத்தை உடம்புக்குச் சேதமில்லாமல் கடக்க முடியுமா, அதற்கு மாமாவின் பக்கத்துணை போதுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் கட்டடப் பொறியாளராகப் பல ஆண்டுகள் தளங்களில் இருந்துவிட்டு, பிறகு பாதுகாப்புப் பயிற்சி அளிக்கும் வேலைக்கு வந்தவன். இங்கே சொல்வதில் ஒரு பகுதி விதிகளிலும் ஆய்வுகளிலும் உறுதியானது. இன்னொரு பகுதி என் அனுபவத்தில் நான் வந்தடைந்த கருத்து. இரண்டையும் கலக்காமல் சொல்ல முயல்கிறேன். உங்கள் மாமாவின் தளத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே அவரைப் பற்றிய தீர்ப்பாக எதையும் கொள்ள வேண்டாம்.

முதலில் உறுதியான ஒன்று. புதிதாக வந்தவருக்குத்தான் அதிகம் அடிபடுகிறது. கனடாவில் டொராண்டோவைச் சேர்ந்த தொழில், உடல்நல ஆய்வு நிறுவனம் ஒன்று, காயத்துக்காக இழப்பீடு கோரியவர்களின் பதிவுகளை ஆராய்ந்தது. வேலையில் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் இருப்பவர்களுக்குக் காயம் நேரும் வாய்ப்பு, ஓராண்டுக்கு மேல் இருப்பவர்களைக் காட்டிலும் மூன்று மடங்குக்கு மேல் என்று அது கண்டது. இளைஞர்களுக்கு மட்டும் அல்ல, வயது கூடியவர்களுக்கும் புதிய வேலையில் இதே நிலைதான். அது அந்த நாட்டுக் கணக்கு; நம் ஊருக்கு அதே எண் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது காட்டும் திசை, நான் தளங்களில் கண்டதோடு ஒத்துப்போகிறது.

ஏன் இப்படி என்று கேட்டால், பையனுக்கு நிதானம் போதாது, விளையாட்டுப் புத்தி என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கை இல்லை. புதியவனுக்கு எது வழக்கமானது, எது வழக்கத்துக்கு மாறானது என்பது தெரியாது. கான்கிரீட் பலகையைத் தாங்கும் முட்டு ஒன்று லேசாகச் சாய்ந்திருப்பதைப் பழைய ஆள் கண்டவுடன் ஒதுங்கிவிடுவார். புதியவன் கண்ணுக்கு எல்லா முட்டும் ஒன்றுதான். அடுத்தது, அவனுக்கென்று தனி வேலை கிடையாது. கம்பி தூக்க ஆள் இல்லையென்றால் அங்கே, ஒயர் எட்டவில்லையென்றால் இங்கே, சாரத்தின் மேலே கரண்டி வேண்டுமென்றால் மேலே என்று நாள் முழுக்க இடம் மாறிக்கொண்டே இருப்பான். மாறுகிற ஒவ்வோர் இடத்திலும் அவன் புதிதாகத்தான் இருக்கிறான். கடைசியாக, அவனால் கேள்வி கேட்க முடிவதில்லை. "இதுகூடத் தெரியாதா" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து, தெரியாத வேலையைத் தெரிந்ததுபோலச் செய்துவிடுகிறான்.

இந்த இடத்தில் மாமா என்ற உறவு இருமுனையாக வேலை செய்கிறது. அந்நிய மேஸ்திரியைவிட மாமாவுக்கு அக்கறை இருக்கும். அது உண்மையான பலம். ஆனால் அந்நியரிடம் "அண்ணே, எனக்கு அது வராது" என்று சொல்லிவிடக்கூடிய பையன், மாமாவிடம் அதைச் சொல்லக் கூசுவான். அத்தோடு மாமா நாள் முழுவதும் அவன் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. மேஸ்திரிக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில் வேலை ஓடும். தம்பி உண்மையில் யார் கையில் இருப்பான், எந்தக் கொத்தனாருக்குக் கையாள் என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி.

ஹெல்மெட், பெல்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஹெல்மெட் கட்டாயம் வேண்டும்; ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 2925 என்று பொறித்திருப்பதை வாங்குங்கள், தாடைப் பட்டை இருக்க வேண்டும். மேலிருந்து விழும் செங்கல் துண்டுக்கும் ஆணிக்கும் அது தலையைக் காக்கும். ஆணி குத்தாத அடிப்பாகம் கொண்ட பாதுகாப்புக் காலணி அதே அளவு முக்கியம். கான்கிரீட் ஊற்றுவதற்கு அச்சாக அடிக்கும் சென்ட்ரிங் பலகைகளில் நிமிர்ந்து நிற்கும் ஆணி, ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு போவது தளங்களில் அன்றாடம் நடப்பது. பெல்ட்டை மட்டும் நீங்கள் நினைக்கும் காப்பாகக் கருத வேண்டாம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் இடுப்புப் பெல்ட் விழும் உடலைத் தாங்குவதற்கானதே அல்ல. தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ்தான் அதற்கு உரியது. அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கயிறு 1.8 மீட்டர், அதிர்ச்சி தாங்கும் மடிப்பு விரிவது ஏறக்குறைய 1.75 மீட்டர், கொக்கியிலிருந்து பாதம் வரை ஆளின் உயரம் ஒன்றரை மீட்டர், இடைவெளிக்கு ஒரு மீட்டர் என்று கூட்டினால், கட்டிய புள்ளிக்குக் கீழே 6 மீட்டர் வெற்றிடம் வேண்டும். முதல் மாடி உயரத்தில் பூசும் ஆள், தன் காலடியிலேயே கொக்கியை மாட்டியிருந்தால், கயிறு இறுகும் முன்பே தரையைத் தொட்டுவிடுவார். தலைக்கு மேலே, உறுதியான இடத்தில், குட்டையான கயிற்றால் கட்டினால்தான் அந்த உயரத்தில் ஏதாவது பயன். தளங்களில் பெல்ட் போட்டிருப்பார்கள், கொக்கி தோளில் தொங்கும். மாட்டுவதற்கு இடமே செய்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, பெல்ட்டைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் சாரத்தைப் பற்றிக் கேளுங்கள். உயரத்திலிருந்து விழுவதுதான் உலகெங்கும் கட்டுமான வேலையில் உயிரிழப்புக்கு முதன்மையான காரணம். இதில் ஐயம் இல்லை. பொதுப்பணி ஒப்பந்தங்களோடு நெடுங்காலமாக இணைக்கப்பட்டுவரும் பாதுகாப்பு விதிகள், 12 அடிக்கு மேலுள்ள சாரத்துக்குக் குறைந்தது 3 அடி உயரத்தில் கைத்தடுப்பு வேண்டும் என்கின்றன. சாரம் சுவரோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும், நிற்கும் பலகைகள் இடைவெளியின்றி அடுக்கப்பட்டு இரு முனையிலும் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஏணி நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு தள்ளி ஊன்றப்பட்டிருக்க வேண்டும். நம் ஊரில் சின்ன வேலைகளில் இரண்டு சவுக்குக் கட்டைக்கு நடுவே ஒற்றைப் பலகை, அதன் மேல் கலவைச் சட்டியும் ஆளும் என்பதுதான் பெரும்பாலும் காணக் கிடைப்பது. அந்தப் பலகையில் இருபது ஆண்டு நடந்து பழகிய கொத்தனார் நிற்கிறார் என்பதால், நேற்று வந்த பையனும் நிற்கலாம் என்று ஆகாது. என் கருத்தில், முதல் ஆறு மாதம் தம்பி சாரம் கட்டவும் பிரிக்கவும் ஏறவே கூடாது. சாரம் கட்டுவது தனித் தொழில், அரைகுறையாகத் தெரிந்தவர்கள் கை வைக்கக் கூடாதது. ஆறு மாதம் என்ற எண் விதியில் இருப்பதல்ல. பையன்களைப் பார்த்துப் பார்த்து நான் வைத்துக்கொண்ட அளவு.

மின்சாரம் அடுத்தது. தற்காலிக இணைப்பிலிருந்து இழுத்த ஒயரின் முனையைச் சீவி, பிளக் இல்லாமல், சாக்கெட் துளையில் தீக்குச்சியை வைத்துச் செருகுவதைத் தளத்துக்குத் தளம் காணலாம். அந்த ஒயர், கான்கிரீட் இறுகுவதற்காக விடும் கியூரிங் தண்ணீரில் கிடக்கும், அதைத் தாண்டிச் சட்டி சுமப்பார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்று போர்டில் இருந்தால் பெரும்பாலான மின்னதிர்ச்சிச் சாவுகளைத் தடுத்துவிடலாம். ஒரு வீட்டின் கட்டுமானச் செலவில் அதன் விலை கணக்கிலேயே வராது. அதன் மேலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். தம்பிக்கு முதல் நாளே இதைக் காட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தெருவில் போகும் உயரழுத்தக் கம்பி இதைவிடக் கொடியது. 11 கிலோவோல்ட் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டரும், கூரைக்கு மேலே 3.7 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்பது விதி. அந்த இடைவெளி அசையாமல் நிற்கும் சுவருக்காகக் கணக்கிடப்பட்டது. தளத்துக்கு வரும் முறுக்குக் கம்பியின் நீளம் 12 மீட்டர். கீழே நிற்கும் பையன் அதைச் செங்குத்தாக நிமிர்த்தி மாடிக்கு நீட்டும்போது, மேல்முனை ஊசலாடுவது அவன் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. அவன் கண் மேலிருப்பவரின் கையில் இருக்குமே தவிர, பின்னால் போகும் மின்கம்பியில் இருக்காது. முறுக்குக் கம்பி மின்கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, போதிய அளவு நெருங்கினாலே மின்சாரம் பாய்ந்துவிடும். இவ்வகை விபத்தில் மேலே வாங்குபவரும் கீழே கொடுப்பவரும் சேர்ந்தே போவது உண்டு. வீட்டை ஒட்டி மின்கம்பி போகும் தளம் என்றால், முறுக்குக் கம்பியைத் தரையிலேயே வெட்டி, எதிர்ப்பக்கமாக ஏற்றச் சொல்ல வேண்டும். முடியாதென்றால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஏற்ற வேண்டும். தம்பி அந்த வேலையில் இருக்கக் கூடாது.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து மாமாவுக்குப் படித்துக் காட்டுங்கள். வீடு கட்டும்போது தண்ணீர்த் தொட்டிக்கும் செப்டிக் டேங்குக்கும் மூடி போடுவதற்கு, உள்ளே மரப்பலகையும் முட்டும் கொடுத்து மேலே கான்கிரீட் ஊற்றுவார்கள். இரண்டடிக்கு இரண்டடி ஒரு திறப்பு மட்டும் விட்டு, அதையும் பலகையோ சாக்கோ போட்டு மூடிவைப்பார்கள். இரண்டு, மூன்று வாரம் கழித்து உள்ளே இருக்கும் சென்ட்ரிங்கைப் பிரிக்க ஆள் இறங்க வேண்டும். திறப்பு சின்னது, ஒல்லியான ஆள் வேண்டும், "தம்பி, நீ இறங்கு" என்பார்கள். அந்தத் தொட்டியில் கழிவு எதுவும் இல்லை, புதுத் தொட்டி, நாற்றம் இல்லை. ஆகவே யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அடியில் தேங்கிய நீரிலும் ஈரப் பலகையிலும் கிருமிகள் பெருகி, உள்ளிருந்த ஆக்சிஜனை அத்தனை நாளும் தின்றிருக்கும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் உள்ளே இறங்கக் கூடாது. பத்துக்குக் கீழே போனால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பிவிடக்கூடும். மூச்சு முட்டுகிறது என்று உணர்ந்து ஏறிவர நேரம் கிடைக்காது, ஏனென்றால் ஆக்சிஜன் குறைவதை உடம்பு மூச்சுத்திணறலாகக் காட்டிக் கொடுப்பதில்லை. உள்ளே சரிந்தவனைத் தூக்க அடுத்தவர் குதிப்பார், அவரைத் தூக்க இன்னொருவர். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இப்படியே ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று இறந்திருக்கிறார்கள்.

மெழுகுவத்தியோ விளக்கோ கட்டி இறக்கிப் பார்த்தால் போதும் என்று பழைய மேஸ்திரிகள் சொல்வார்கள். இது ஓரளவுக்கே உண்மை. ஆக்சிஜன் 16 சதவீதம் அளவுக்குக் குறைந்த பிறகுதான் சுடர் அணைகிறது. அதற்கு முன்பே அந்தக் காற்று ஆபத்தானதாகிவிடுகிறது. நச்சு வாயு இருந்தால் சுடர் காட்டாது, எரிவாயு இருந்தால் சுடரே வெடிப்பை உண்டாக்கும். விளக்கு அணைந்தால் இறங்காதே என்பது சரி. அணையவில்லை, ஆகவே இறங்கலாம் என்பது தவறு. செய்ய வேண்டியது, திறப்பை முழுதாகத் திறந்து, ஊதுவிசிறியின் குழாயைத் தொட்டியின் அடிவரை விட்டுப் பல மணி நேரம் காற்றை ஓட்டி, வாயு அளக்கும் கருவியால் மேல், நடு, அடி மூன்றிலும் பார்த்து, இடுப்பில் இல்லாமல் மார்பு ஹார்னஸில் கயிறு கட்டி, மேலே இழுக்க ஆள் நிறுத்திய பிறகு, பழகியவர் இறங்குவது. கற்றுக்கொள்ள வந்தவன் இறங்கவே கூடாது, எந்த நிலையிலும். முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பலகைகளால் மூடி போடும் முறை வந்துவிட்டது. அதில் உள்ளே சென்ட்ரிங்கே இல்லை. அதைப் பயன்படுத்துகிறாரா என்றும் கேட்கலாம்.

குழி தோண்டும் வேலையில், ஐந்தடிக்கு மேல் போகும் பள்ளத்தின் பக்கங்களைச் சரித்து வெட்ட வேண்டும், இல்லையேல் பலகை கொடுத்துத் தாங்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிக் கொட்ட வேண்டும். மழைக்காலத்தில் சென்னையின் களிமண், மணல் பகுதிகளில் இதைக் கைவிட்டால் பள்ளம் எச்சரிக்கை இல்லாமல் இடியும். சென்ட்ரிங் பிரிப்பதற்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 456 கால அளவு சொல்கிறது: 4.5 மீட்டர் வரை அகலமுள்ள கான்கிரீட் கூரைத் தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டருக்கு மேற்பட்ட உத்திரத்துக்கு 21 நாள். இது சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்குச் சொன்னது. இன்று வீட்டு வேலைகளில் மிகுதியும் பயன்படும் பிபிசி எனப்படும் போசோலானா கலந்த சிமெண்ட் மெதுவாக வலுப்பெறுவதால் கூடுதல் நாள் விட வேண்டும். எத்தனை நாள் என்பதைத் தளத்தின் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும், பலகை வாடகைக்காரரின் அவசரம் அல்ல.

உடனே கொல்லாத ஆபத்துகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 18 வயதில் தொடங்குபவன் அவற்றோடு நாற்பது ஆண்டு வாழப்போகிறான். ஈரச் சிமெண்ட் கடுமையான காரம். கையுறை இல்லாமல் கலவை அள்ளினால் விரலிடுக்கு வெந்துபோகும், சிலருக்குச் சிமெண்டே ஒவ்வாமையாகித் தொழிலையே விடவேண்டி வரும். கண்ணில் தெறித்தால் தேய்க்காமல், குறைந்தது கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். டைல்ஸும் கிரானைட்டும் வெட்டும்போது எழும் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். அந்த சிலிக்கோசிஸ் வந்தபின் திரும்பாது. முகத்தில் துண்டு கட்டுவது அதைத் தடுக்காது. தண்ணீர் விட்டு வெட்டுவதும், என்95 தரத்து முகக்கவசமும்தான் வழி. வெட்டும் இயந்திரத்தில் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, கல்லுக்கான சக்கரம் இருக்கும் இடத்தில் மரம் அறுக்கும் பல்சக்கரத்தை மாட்டி வேலை செய்வதைப் பார்த்தால், தம்பி அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். அது உதைத்துத் திரும்பும்போது கையில் பிடித்திருப்பவரால் தடுக்க முடியாது.

இவ்வளவும் படித்துவிட்டு, இதையெல்லாம் ஒரு பையன் எப்படி நினைவில் வைப்பான் என்று நீங்கள் கேட்கலாம். பட்டியலாக மனப்பாடம் செய்தால் வைக்க மாட்டான். பாதுகாப்பு வேறு, தொழில் வேறு என்று பிரித்துக் கற்பிப்பதில்தான் கோளாறே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. முட்டுக் கொடுக்கக் கற்பிக்கும்போதே, அந்த முட்டின் மேல் எவ்வளவு எடை வரப்போகிறது, அடியில் செங்கல் துண்டு வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லிக் கொடுத்தால் அவன் நல்ல சென்ட்ரிங் ஆளாகவும் ஆகிறான், பிழைத்தும் இருக்கிறான். "பார்த்துப் பழகிக்கொள்வான்" என்ற முறையில் கண்ணுக்குத் தெரியும் கை அசைவு மட்டும் கடத்தப்படுகிறது. கொத்தனார் பலகையில் கால் வைக்கும் முன் ஒரு முறை அழுத்திப் பார்ப்பது ஏன் என்ற காரணம் கடத்தப்படுவதில்லை. கூடவே அவருடைய கெட்ட பழக்கங்களும் சேர்ந்தே கடத்தப்படுகின்றன. சொல்லிக் காட்டி, செய்து காட்டி, அவனைச் செய்யவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்து, திருத்தி, பிறகு "ஏன் இப்படிச் செய்தாய்" என்று அவன் வாயாலேயே சொல்லவைப்பதுதான் பயிற்சி. மாமாவிடம் அதற்கான பொறுமை உள்ள ஒரு கொத்தனார் இருந்தால், அவர் எந்தப் பயிற்சி மையத்துக்கும் குறைந்தவர் அல்லர்.

கற்கும் வரிசையும் முக்கியம். முதல் சில மாதம் தரையிலேயே செய்ய எவ்வளவோ இருக்கிறது: மணலையும் ஜல்லியையும் இனம் காண்பது, கலவை விகிதம், செங்கல்லை நனைப்பது, தூக்குக்குண்டும் ரசமட்டமும் பிடிப்பது, டியூப் மட்டம் பார்ப்பது, கியூரிங், கருவிகளைக் கழுவி எண்ணி வைப்பது, வரைபடத்தில் அளவு படிப்பது. பிறகு இடுப்புயரச் சுவர், தரைத்தளப் பூச்சு. அதற்கப்புறம், பழகிய ஆளோடு சேர்ந்து, தடுப்புள்ள சாரம். இந்த வரிசையில் போகும் பையன் வேலையும் வேகமாகப் பிடித்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். மேஸ்திரிகள் இதை ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் பணம்தான். தரையிலேயே நிற்கும் ஆளுக்குக் கூலி கொடுப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாவதில்லை. அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே முதல் மூன்று மாதத்துக்குக் கூலி குறைவாக இருந்தாலும் சரி, மேலே ஏற்ற வேண்டாம் என்று குடும்பமே முன்வந்து சொல்வது, உங்கள் கையில் உள்ள வலுவான வழி.

ஐடிஐயா, மாமாவா என்பதில் என் சாய்வை மறைக்கவில்லை. தம்பிக்கு மின்சாரம், பிளம்பிங், வெல்டிங் இவற்றில் ஆசை இருந்தால் யோசிக்காமல் ஐடிஐயில் சேருங்கள். எலெக்ட்ரீஷியன் இரண்டு ஆண்டு, பிளம்பரும் வெல்டரும் ஓராண்டு. அவன் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். பிளஸ் டூ நின்றது தடையே அல்ல. மின்வேலையை அரைகுறையாகக் கற்பது உயிருக்குத் துணிவது. கொத்து வேலையில்தான் ஆசை என்றால் முடிவு அவ்வளவு எளிதல்ல. மேசன் பிரிவும் ஐடிஐயில் ஓராண்டுப் படிப்பாக இருக்கிறது, ஆனால் எல்லா ஊரிலும் இல்லை. கைப்பழக்கம் எப்படியும் தளத்தில்தான் வர வேண்டும். பெரிய கட்டுமான நிறுவனங்கள் நடத்தும் திறன் பயிற்சி நிலையங்களும் உண்டு. காஞ்சிபுரம் பக்கம் எல் அண்ட் டி நடத்துவது அவற்றில் ஒன்று. அங்கே சாரம், கம்பி, சென்ட்ரிங், கொத்து வேலைகளைத் தளத்துக்குப் போகும் முன்பே ஆபத்தில்லாத இடத்தில் பழக முடியும். சில மாதம் அப்படிப் பழகிவிட்டு மாமாவிடம் வருவது, நான் என் சொந்தத் தம்பிக்குத் தேர்ந்தெடுக்கும் வழி.

நிறுவனம் ஒன்றில் 1961-ஆம் ஆண்டுப் பயிலுநர் சட்டப்படி ஒப்பந்தம் போட்டுப் பயிற்சி பெறுவதற்கும், மாமாவோடு கையாளாகப் போவதற்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு இருக்கிறது. முதலாவதில் உதவித்தொகை உண்டு, இறுதியில் தேசியச் சான்றிதழ் உண்டு, பயிற்சியின்போது காயம்பட்டால் வேலையளிப்பவர் இழப்பீடு தர வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. இரண்டாவதில் எழுத்தில் எதுவும் இல்லை. அதனால்தான், 18 நிறைந்தவுடன் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் தம்பியைப் பதிவு செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன். 18 முதல் 60 வயது வரை பதியலாம். விபத்து உதவி உள்ளிட்ட பலன்கள் பதிவு செய்தவருக்கே. பதியும் தகுதிக்கு வேலை நாள் சான்று தேவைப்படலாம் என்பதால், முதல் நாளிலிருந்தே தேதி, இடம், கூலி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி மாமாவிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்லுங்கள். கூலி வங்கிக் கணக்கில் வந்தால் இன்னும் நல்லது.

இழப்பீட்டில் ஒரு ஐயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. ஒப்பந்த நிறுவனத்தின் தளத்தில் மேஸ்திரியின் ஆளுக்கு அடிபட்டால், மேஸ்திரியோடு நிற்காமல் பொறுப்பு அந்த நிறுவனம்வரை போகும். தனி ஒருவர் தாம் குடியிருக்க வீடு கட்டும் தளத்தில் அந்தப் பொறுப்பு வீட்டுக்காரர் மேல் எளிதாக ஏறுவதில்லை. வழக்குக்கு வழக்கு முடிவு மாறுகிறது, கடைசியில் மேஸ்திரியே கையிலிருப்பதைக் கொடுத்து முடிப்பதுதான் மிகுதி. இந்தத் துறையின் சட்டங்கள் 2020-இல் நிறைவேறிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் கொண்டுவரப்பட்டிருப்பதால், இன்றைய நிலையை மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

பயிற்சியால் தடுக்க முடியாத ஆபத்தும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அங்கே இருந்த தொழிலாளி எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. கட்டடத்துக்கு முறையான அனுமதி, வடிவமைப்புப் பொறியாளர், மண் பரிசோதனை இருக்கிறதா என்பதைத் தம்பி தீர்மானிக்க முடியாது. ஆனால் மாமா எந்த மாதிரியான ஆட்களிடம் வேலை எடுக்கிறார் என்பதை நீங்கள் விசாரிக்க முடியும்.

மாமாவிடம் பேசும்போது குறை சொல்லும் தொனி வேண்டாம். அவர் பையனுக்கு நல்லது நினைத்துத்தான் கூப்பிடுகிறார். அம்மாவையும் வைத்துக்கொண்டு, தம்பி முன்னிலையிலேயே, நான்கு வேலைகளை அவனுக்குக் கொடுக்க வேண்டாம் என்று கேளுங்கள்: தொட்டிக்குள் இறங்குவது, சாரம் கட்டுவதும் பிரிப்பதும், மின்கம்பிக்கு அருகே கம்பி தூக்குவது, முட்டுப் பிரிப்பது. தம்பி முன்னால் பேசுவதற்குக் காரணம், மாமா இல்லாத நேரத்தில் வேறொருவர் சொன்னால், "மாமா இதைச் செய்ய வேண்டாம் என்றிருக்கிறார்" என்று சொல்ல அவனுக்கு ஒரு சொல் கிடைக்கும். பிறகு, அவன் எந்தக் கொத்தனாரிடம் இருப்பான் என்று கேட்டு, முடிந்தால் ஒரு நாள் நீங்களே தளத்துக்குப் போய் சாரத்தையும் மின்போர்டையும் பாருங்கள். மாமா இந்த நான்கையும் ஏற்றுக்கொண்டு, கொத்தனாரின் பெயரையும் சொல்லிவிட்டால் அனுப்பலாம். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சிரித்துத் தள்ளினால், அடுத்த சேர்க்கையில் ஐடிஐக்கு விண்ணப்பம் போடுங்கள். அதுவரை அவன் நின்ற இரண்டு பாடங்களை எழுதி முடிக்கட்டும்.